எண்ணப்படாத தொற்றுகள்: அறுவைச் சிகிச்சைக்குப் பின் காத்திருக்கும் ஆபத்து

திருச்சானூர்: பத்மாவதித் தாயார் கோயில் கொண்டுள்ள திருச்சானூர், திருப்பதி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது. தாயாரின் பெயர் இன்று கோயிலோடு நின்றுவிடவில்லை. திருப்பதியில் 2014-இல் தொடங்கப்பட்ட மகளிர் மருத்துவக் கல்லூரியும், 2021 அக்டோபரில் திறக்கப்பட்ட குழந்தைகள் இதய மருத்துவமனையும் பத்மாவதியின் பெயரிலேயே இயங்குகின்றன.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 முதல் இயங்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் ("ஸ்விம்ஸ்"), எலும்பு, மூட்டு அறுவைச் சிகிச்சைகளுக்கான "பர்ட்" மருத்துவமனை, எஸ்.வி. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த ருயா அரசு மருத்துவமனை, 2022-இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை எனத் திருப்பதியில் மருத்துவ நிறுவனங்கள் பெருகியுள்ளன. மலையேற வரும் பக்தர் கூட்டத்தின் நடுவே, எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி பேருந்தை விட்டு இறங்கும் மற்றொரு கூட்டத்தையும் இந்நகரில் காணலாம். ராயலசீமை மாவட்டங்களிலிருந்தும், எல்லைக்கு இப்பால் வேலூர், திருவள்ளூர் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். சித்தூர்ப் பகுதி மக்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிச் செல்வதும் வழக்கம். நோய்க்கு மாநில எல்லை இல்லாததைப் போலவே சிகிச்சைக்கும் இங்கு எல்லை இல்லை.

இதே வட்டாரத்தில்தான் "புத்தூர் கட்டு" பிறந்தது. எலும்பு முறிந்தவர்கள் மருத்துவமனையைத் தவிர்த்துப் புத்தூர் வைத்தியர்களைத் தேடிச் செல்வதற்குச் செலவு மட்டும் காரணம் அல்ல. கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்ற அச்சமும் அதில் அடங்கியுள்ளது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வளரும் நாடுகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் 11 பேருக்கு நோய்த்தொற்று ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2016-இல் அறிவித்தது.

அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பம் மருத்துவரின் பெயரை விசாரிக்கிறது, கட்டணத்தை விசாரிக்கிறது, காப்பீட்டு அட்டை செல்லுமா என்று விசாரிக்கிறது. இந்த மருத்துவமனையில் நூறு பேருக்குச் செய்த அறுவைச் சிகிச்சையில் எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடித்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு மருத்துவமனையும் மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தேசியச் சட்டம் ஏதும் இல்லை. திருப்பதிக்கு மட்டும் உரிய குறை அல்ல இது. தலைநகர் தில்லியிலும் நிலைமை இதுவே.

சீழ் எங்கிருந்து வருகிறது?

அறுவைச் சிகிச்சை முடிந்து 30 நாள்களுக்குள் வெட்டப்பட்ட இடத்திலோ, அதற்கு உள்ளேயோ ஏற்படும் தொற்றை அறுவைப் புண் தொற்று என மருத்துவ உலகம் வரையறுக்கிறது. செயற்கை மூட்டு, உலோகத் தகடு போன்றவை பொருத்தப்பட்டிருந்தால் கண்காணிப்புக் காலம் 90 நாள்கள் வரை நீளும். எனவே நோயாளி வீடு திரும்பிய பிறகே பல தொற்றுகள் வெளிப்படுகின்றன. அப்போது அவர் பெரும்பாலும் செல்வது உள்ளூர் மருத்துவரிடம். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் "குணமடைந்து வீடு திரும்பியவர்" என்றே இருப்பார்.

தொற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி நோயாளியின் உடலிலேயே இருப்பவை. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ், குடலில் வாழும் ஈ.கோலி, கிளெப்சியெல்லா ஆகியவை வெட்டுக்காயத்தின் வழியே உள்ளே புகுகின்றன. சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்றவை ஈரமான தொட்டிகள், குழாய்கள், சுவாசக் கருவிகள், சரியாகக் கழுவப்படாத கைகள் ஆகியவற்றின் வழியே வருகின்றன. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஊட்டக்குறைவு ஆகியன ஆபத்தை அதிகரிக்கின்றன.

செயற்கை மூட்டுகளில் சிக்கல் இன்னும் கடுமையானது. உலோகத்தின் மேல் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாகப் படிந்து, அதற்குள் பாதுகாப்பாக வாழ்கின்றன. மருந்து அப்படலத்தை எளிதில் ஊடுருவுவதில்லை. இத்தகைய நிலையில் பொருத்திய மூட்டை அகற்றி, தொற்றை ஒழித்து, மீண்டும் வேறொன்றைப் பொருத்த வேண்டியிருக்கும். ஓர் அறுவைச் சிகிச்சைக்குக் கடன் வாங்கிய குடும்பம் மேலும் இரண்டுக்குக் கடன் வாங்க நேரும்.

ஒரே ஒரு வேளை மருந்து:

இத்தொற்றைத் தடுக்கும் வழிகள் புதியவை அல்ல. கை கழுவுதல் உயிர் காக்கும் என்பதை வியன்னாவில் செம்மல்வெய்ஸ் 1847-இல் நிறுவினார். கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவிகளையும் தூய்மை செய்யும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867-இல் வெளியிட்டார். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைப் பயன்படுத்தினால் பாக்டீரியாக்கள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார்.

ஆன்டிபயாடிக் மருந்தை எப்போது கொடுப்பது என்பதற்கும் தெளிவான விடை உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2,847 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1992-இல் வெளியானது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கே தொற்று ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சை தொடங்கி நீண்ட நேரம் கழித்து மருந்து பெற்றவர்களில் அது 3.3 சதவீதமாக இருந்தது. கத்தி படும் நேரத்தில் மருந்து திசுக்களில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

உலக சுகாதார நிறுவனம் 2016 நவம்பரில் வெளியிட்ட 29 பரிந்துரைகளும் இதையே வலியுறுத்துகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் அதன்போதும் மட்டுமே தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு தொடரக் கூடாது. அறுவைக்கு முன் நோயாளி குளிக்க வேண்டும். முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது, தேவையானால் கத்தரிக்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

நடைமுறையோ நேர்மாறானது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22-இல் 20 பெரிய மருத்துவமனைகளில் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2024 ஜனவரியில் வெளியாயின. உள்நோயாளிகளில் ஏறத்தாழ 72 சதவீதத்தினருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு கொடுக்கப்பட்டதில் பாதிக்கும் மேல், அதாவது சுமார் 55 சதவீதம், நோயைக் குணப்படுத்த அல்ல. நோய் வராமல் தடுக்க என்ற பெயரில் கொடுக்கப்பட்டது. எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் உறுதி செய்த பிறகு மருந்து பெற்றவர்கள் சுமார் 6 சதவீதத்தினர் மட்டுமே.

தூய்மையில் நம்பிக்கை இல்லாத இடத்தில் மருந்து அதிகமாகிறது என்பதையே இந்த எண்கள் உணர்த்துகின்றன. அறுவை அரங்கின் காற்றையும் கருவிகளையும் கைகளையும் பற்றி ஐயம் இருக்கும்போது, ஐந்து நாள், ஏழு நாள் என மருந்தை நீட்டுவது மருத்துவருக்கு ஒரு காப்பாகத் தோன்றுகிறது. அந்தக் காப்பே பாக்டீரியாக்களுக்குப் பயிற்சிக்களம் ஆகிறது. எளிய மருந்துக்கு அடங்குபவை அழிகின்றன. அடங்காதவை எஞ்சிப் பெருகுகின்றன. அடுத்த படுக்கையில் இருக்கும் நோயாளிக்குச் செல்பவை எஞ்சியவைதான்.

தில்லியின் பெயரால் எழுந்த புயல்:

இத்தகைய பாக்டீரியாக்களில் ஒன்றின் ஆற்றல் தலைநகரின் பெயரையே சூடியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் தில்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். 2008 ஜனவரியில் அவரது சிறுநீரில் கண்டறியப்பட்ட கிளெப்சியெல்லா பாக்டீரியா, கார்பாபெனம் வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுக்கும் ஆயுதம் கார்பாபெனம். அதைச் சிதைக்கும் நொதிக்கு "நியூ டெல்லி மெட்டலோ பீட்டா-லாக்டமேஸ்" என 2009-இல் பெயரிடப்பட்டது. சுருக்கமாக என்டிஎம்-1.

இந்நொதியை உண்டாக்கும் மரபணு பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் அமைந்துள்ளது. ஒரு பாக்டீரியா தன்னிடமுள்ள வளையத்தின் பிரதியை வேறு இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிட முடியும். கிளெப்சியெல்லாவிடம் இருந்த ஆற்றல் ஈ.கோலிக்குச் செல்வது இவ்வாறே.

மும்பை இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், கார்பாபெனத்துக்கு அடங்காத 24 பாக்டீரியாக்களை ஆராய்ந்து, அவற்றில் 22-இல் இந்நொதி இருப்பதாக இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் 2010 மார்ச்சில் எழுதினர். அதே இதழில் சென்னை மருத்துவர் அப்துல் கஃபூர் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு இரங்கற்குறிப்பு என்ற பொருளில் தலையங்கம் எழுதினார். அப்போது நாடாளுமன்றத்தில் எந்தச் சலனமும் எழவில்லை.

ஐந்து மாதங்கள் கழித்து, 2010 ஆகஸ்டில், லண்டனிலிருந்து வெளிவரும் "லான்செட் தொற்றுநோய்கள்" இதழில் மற்றொரு கட்டுரை வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர் குமாரசாமி கார்த்திகேயன். சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 என என்டிஎம்-1 பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டதை அக்கட்டுரை பதிவு செய்தது. சிகிச்சைக்காக இந்தியா செல்வது குறித்தும் அது எச்சரித்தது.

மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் குலைக்கும் சதி என்ற குற்றச்சாட்டு மாநிலங்களவையில் எழுந்தது. கட்டுரையின் முடிவுகளையும் பெயர்சூட்டலையும் மத்திய சுகாதார அமைச்சகம் வன்மையாக மறுத்தது. தலைநகரின் பெயரைச் சூட்டியது தவறுதான் என்று லான்செட் இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பெயரைப் பற்றிய கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு நகரை நோயோடு பிணைப்பது முறையன்று.

ஆனால் பெயர் குறித்த விவாதம் முடிந்தபோது, பாக்டீரியா குறித்த விவாதமும் முடிந்ததுபோல் ஆயிற்று. தில்லியில் தேங்கிக் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குடிநீர்க் குழாய் மாதிரிகள் 50-இல் 2-இலும் அந்த மரபணு இருப்பதாக 2011 ஏப்ரலில் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. அதுவும் மறுக்கப்பட்டது. மறுப்பால் பாக்டீரியாக்கள் குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கண்காணிப்பு அமைப்பு திரட்டிய தகவலின்படி, இமிபெனம் என்ற கார்பாபெனம் மருந்துக்கு அடங்கும் கிளெப்சியெல்லா பாக்டீரியாக்கள் 2017-இல் சுமார் 58 சதவீதமாக இருந்தன; 2023-இல் அது சுமார் 36 சதவீதமாகச் சரிந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு அம்மருந்துக்கு அடங்குவதில்லை.

அதன் பிறகு எஞ்சும் மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். 1950-களைச் சேர்ந்த பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அதை, வேறு வழியின்றி மருத்துவர்கள் மீண்டும் எடுத்தனர். கோழிப்பண்ணை உள்ளிட்ட கால்நடை வளர்ப்பில் அதே மருந்து தாராளமாகப் புழங்கியதை அறிந்து, மத்திய அரசு 2019 ஜூலையில் அந்தப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது.

சட்டங்களும் சலுகைகளும்:

என்டிஎம்-1 சர்ச்சையின் பலனாகச் சில நடவடிக்கைகள் எடுக்கப்பட்டதை மறுக்க முடியாது. 2011-இல் ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனைக் கட்டுப்படுத்தும் தேசியக் கொள்கை வெளியானது. உயர்வகை மருந்துகளைப் பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் என ஒதுக்கும் யோசனை அப்போது முன்வைக்கப்பட்டது. மருத்துவரே இல்லாத கிராமங்களில் நோயாளிகள் என்ன செய்வார்கள் என்ற எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது.

2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட "சென்னைப் பிரகடனம்" நடுவழி ஒன்றைக் காட்டியது. முழுத் தடை சாத்தியம் இல்லை; சாத்தியமானதைச் செய்வோம் என்பது அதன் சாரம். 2013 ஆகஸ்ட் 30-இல் மருந்து விதிகளில் "எச்-1" என்ற புதிய பட்டியல் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள 46 மருந்துகளில் 24 ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்தவை. மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது; வாங்கியவர், எழுதிக் கொடுத்த மருத்துவர் ஆகியோரின் விவரத்தை மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2017 ஏப்ரலில் முதல் தேசியச் செயல்திட்டமும், 2025 நவம்பரில் 2029 வரைக்குமான இரண்டாவது செயல்திட்டமும் வெளியிடப்பட்டன.

இவற்றில் பெரும்பாலானவை மருந்துக்கடையைக் குறிவைப்பவை. மருத்துவமனைக்குள் நடப்பது வேறு கணக்கில் வருகிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மருந்துகள் பொதுப்பட்டியலில் உள்ளன. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருத்துவமனைத் தொற்று பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தால், "சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு" என்ற வாக்கியத்தோடு பதில் தொடங்குவதற்கு இதுவே காரணம். 2010-இல் நிறைவேறிய மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம் ஏற்றுக்கொண்ட மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆந்திரம் 2002-இலும் தமிழகம் 1997-இலும் தமக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றியுள்ளன.

இப்ராஹிம்பட்டணம் தந்த பாடம்:

எண்ணிக்கை தெரிய ஓர் உயிரிழப்பு நேர வேண்டியிருக்கிறது என்பதற்கு அண்டை மாநிலமான தெலங்கானா சாட்சி. ஹைதராபாதை அடுத்த இப்ராஹிம்பட்டணம் அரசு மருத்துவமனையில் 2022 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஒரே நாளில் 34 பெண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அடுத்த சில நாள்களில் அவர்களில் நான்கு பேர் உயிரிழந்தனர். மற்றவர்கள் ஹைதராபாதில் உள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்றே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. தொற்றுத் தடுப்பு நடைமுறைகளைப் பின்பற்றத் தவறியதாக மருத்துவமனைக் கண்காணிப்பாளர் உள்ளிட்டோர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஒரே நாளில் செய்யும் அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கவும் பரிந்துரைக்கப்பட்டது.

இலக்கு வைத்துக் கூட்டங்கூட்டமாகச் செய்யும் குடும்பக்கட்டுப்பாட்டு முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் ஆணையிட்டிருந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இச்சம்பவம். தமிழகத்திலும் 2008-இல் பெரம்பலூரில் நடந்த இலவசக் கண்புரை அறுவைச் சிகிச்சை முகாமுக்குப் பின் விழுப்புரம் மாவட்டக் கிராமத்தவர் 60-க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தனர்.

இவை கூட்டமாக நடந்ததால் செய்தியாயின, விசாரணை வந்தது. ஒரு வாரத்தில் ஒருவர், மறுவாரத்தில் ஒருவர் எனப் பல ஊர்களில் சிதறி நடக்கும் தொற்றுகளுக்கு விசாரணை இல்லை, பதிவும் இல்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உயிரிழந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்றும், இத்தொற்றோடு தொடர்புடைய மரணங்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்றும் சர்வதேச ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இவை மதிப்பீடுகளே. மரணச் சான்றிதழில் "மாரடைப்பு" என்றோ "பல உறுப்புகள் செயலிழப்பு" என்றோ எழுதப்பட்டிருக்கும் நாட்டில் மதிப்பீட்டைத் தவிர வேறு வழி இல்லை.

எண்ணியவர்கள் கண்ட பலன்:

எண்ணத் தொடங்கிய நாடுகளில் மாற்றம் வந்துள்ளது. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவால் ஏற்படும் ரத்தத் தொற்றுகளை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என இங்கிலாந்து 2001-இல் விதித்தது. எலும்பு, மூட்டு அறுவைச் சிகிச்சைகளில் ஏற்படும் தொற்றையும் 2004 ஏப்ரல் முதல் கட்டாயப் பதிவில் சேர்த்தது. 2003-04-இல் ஏறத்தாழ 7,700 ஆக இருந்த அந்த ரத்தத் தொற்றுகள் 2012-13-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கின. எண்ணிக்கை வெளியானதும் மருத்துவமனை நிர்வாகிகள் நாடாளுமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை உருவானது.

இதற்குச் செல்வம் மட்டுமே வழி என்று கூற முடியாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல், புது தில்லி உள்பட எட்டு நகரங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு 2009-இல் முடிவுகள் வெளியாயின. கத்தி வைப்பதற்கு முன் நோயாளியின் பெயர், அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய இடம், தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா என்பவற்றை உரக்கக் கேட்டுச் சரிபார்ப்பதே அதன் அடிப்படை. அறுவைப் புண் தொற்று 6.2 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது. ஒரு தாளும் ஒரு நிமிட ஒழுங்கும் தந்த பலன் அது.

உள்நாட்டிலும் முன்மாதிரி உண்டு. ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனுக்கு மாநிலச் செயல்திட்டத்தை 2018-இல் முதலில் வகுத்த கேரளம், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து பலிக்கிறது என்ற மாநில அளவிலான பட்டியலைத் திரட்டி வெளியிடுகிறது. சீட்டு இல்லாமல் மருந்து விற்கும் கடைகளைக் கண்டறிய 2024 ஜனவரியில் "ஆபரேஷன் அம்ரித்" என்ற திடீர்ச் சோதனைகளையும் தொடங்கியது. ஆந்திரமும் 2022-இல் தன் செயல்திட்டத்தை வெளியிட்டது. செயல்திட்டம் வகுத்த மாநிலங்கள் சிலவே என்பதால் ஆந்திரத்தின் முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் திட்டம் தாளிலிருந்து வார்டுக்கு வந்ததா என்பதை அளக்க மீண்டும் எண்ணிக்கையே தேவைப்படுகிறது.

கையில் உள்ள கருவி:

எண்ணுவதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஆந்திரத்தில் 2007-இல் "ஆரோக்கியஸ்ரீ" எனத் தொடங்கி, இன்று என்.டி.ஆர். பெயரில் நடக்கும் அரசு மருத்துவத் திட்டத்திலும், தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்திலும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் நடக்கும் ஒவ்வோர் அறுவைச் சிகிச்சைக்கும் ஓர் எண் உண்டு; பயனாளியின் தொலைபேசி எண்ணும் உண்டு. பணம் கொடுப்பது அரசு என்பதால் கேள்வி கேட்கும் உரிமையும் அரசுக்கு உண்டு.

அறுவைச் சிகிச்சை முடிந்து முப்பதாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பில் இரண்டு கேள்விகள் போதும். புண் ஆறிவிட்டதா? சீழோ காய்ச்சலோ வந்து மீண்டும் மருத்துவரிடம் சென்றீர்களா? ஆந்திரத்தில் திட்ட மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு உதவுவதற்கென நியமிக்கப்பட்டுள்ள "ஆரோக்கிய மித்ரா" ஊழியர்களே இதைக் கேட்க முடியும். தமிழகத்திலிருந்து திருப்பதிக்கும், சித்தூரிலிருந்து வேலூருக்கும் செல்லும் நோயாளிகள் வீடு திரும்பியதும் மருத்துவமனையின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றனர் என்ற சிக்கலுக்கும் இதுவே எளிய தீர்வு.

இதில் ஒரு தடையும் உண்டு. நேர்மையாக எண்ணும் மருத்துவமனையின் விகிதம் அதிகமாகத் தெரியும். எண்ணாத மருத்துவமனை தூய்மையானதாகத் தோன்றும். சிக்கலான நோயாளிகளை ஏற்கும் அரசு மருத்துவமனையை, எளிய அறுவைச் சிகிச்சை மட்டும் செய்யும் தனியார் மருத்துவமனையோடு அப்படியே ஒப்பிடுவதும் நியாயமன்று. எனவே முதல் சில ஆண்டுகள் தண்டனைக்கு அஞ்சாமல் தெரிவிக்கும் ஏற்பாடும், அறுவைச் சிகிச்சையின் வகைக்கேற்பப் பிரித்து வெளியிடும் முறையும் வேண்டும். பிற நாடுகளும் அறுவைச் சிகிச்சையின் வகை வாரியாகவே எண்ணுகின்றன.

ஐ.நா. பொதுச் சபையில் 2024 செப்டம்பரில் கூடிய உலக நாடுகள், ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனோடு தொடர்புடைய மரணங்களை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பதாக உறுதி ஏற்றன. இந்தியாவும் அச்சபையின் உறுப்பு நாடு. பத்தில் ஒரு பங்கு குறைந்ததா என்று 2030-இல் சொல்ல வேண்டுமானால், பத்து என்பது எவ்வளவு என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அதுவரை நோயாளியின் குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது கேட்கும் உரிமை. தடுப்பு ஊசி எப்போது போடப்படும், எத்தனை நாள் தொடரும், ஏன் தொடர வேண்டும், புண்ணில் சீழ் வந்தால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிருமியைக் கண்டறிந்த பிறகு மருந்து மாற்றப்படுமா என்ற கேள்விகளை மருத்துவரிடம் மரியாதையோடு கேட்கலாம். ஆன்டிபயாடிக் எழுதும்போது காரணத்தையும் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காரணத்தை அறிந்துகொள்ளும் உரிமை, தாயாரை வணங்கிவிட்டு அறுவை அரங்கின் வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.